கன்று எங்கே போகும்? ஓய்வுபெற்ற சர்க்கஸ் யானைகள் பற்றி ஒரு பதில்

கிளிநொச்சியில் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவர் ஒருவர் எனக்கு எழுதிக் கேட்டிருப்பதன் சாரம் இது: "அமெரிக்காவில் சர்க்கசிலிருந்து ஓய்வுபெற்ற யானைகளுக்கு ஒரு புகலிடமும், அதே இடத்தில் யானைகளுக்கான இனப்பெருக்க நிலையமும் இருந்ததாக வாசித்தேன். ஓய்வு பெற்ற யானையை எதற்காகக் கன்று ஈன வைக்க வேண்டும்? அது உண்மையிலேயே சரணாலயந்தானா? அப்படியொன்றை வன்னியில் அமைத்தால் நல்லதல்லவா?"

தம்பி, நீர் மூன்று கேள்விகளை ஒரே முடிச்சாகப் போட்டிருக்கிறீர். முடிச்சை அவிழ்ப்பதற்கு முன் என்னைப் பற்றி ஒரு சொல். நான் பேராதனையில் படித்துவிட்டு வன்னியில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மருந்து கொடுத்தே சேவைக்காலத்தை முடித்துக்கொண்டு, இப்போது யாழ்ப்பாணத்தில் வீட்டோடு இருக்கும் மிருக வைத்தியன். யானைக்கு அருகில் நின்று வைத்தியம் பார்த்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் யானையின் இனப்பெருக்கம் பற்றிய விடயங்களை மாணவனாக இருந்த நாள் முதல் விடாமல் வாசித்து வருகிறேன். பசுக்களுக்குச் செயற்கைமுறைச் சினைப்படுத்தலைப் பல ஆண்டுகள் செய்தவனுக்கு அந்த வாசிப்பில் தனியான ஒரு சுவை உண்டு.

நீர் வாசித்த இடம் புளோரிடா மாநிலத்தில் போல்க் சிற்றி என்னும் சிற்றூரில் இருந்த யானைப் பாதுகாப்பு நிலையமாகத்தான் இருக்க வேண்டும். ரிங்லிங் பிரதர்ஸ் அண்ட் பார்னம் அண்ட் பெய்லி சர்க்கசை நடத்திய ஃபெல்ட் நிறுவனம் அதை 1995இல் 200 ஏக்கர் நிலத்தில் தொடங்கியது. நம்முடைய கணக்கில் 3,200 பரப்பு. கேட்க மலைப்பாக இருந்தாலும், முப்பது யானைகளுக்கு அது பெரிய இடமன்று. 2015ஆம் ஆண்டில் அந்த நிறுவனத்திடம் 43 யானைகள் இருந்தன. அவற்றில் 29 இந்த நிலையத்தில் நின்றன, 13 ஊர் ஊராகக் காட்சிக்குப் போய்க்கொண்டிருந்தன, ஒன்று இனப்பெருக்கத்துக்காக வேறொரு மிருகக்காட்சிசாலைக்கு இரவலாகக் கொடுக்கப்பட்டிருந்தது. எல்லாம் ஆசிய யானைகள், அதாவது நம்முடைய காட்டில் திரிகின்ற இனம்.

அங்கே ஒரே வேலிக்குள் மூன்று வகை யானைகள் இருந்தன என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளும். வயது போய் மூட்டு நோவால் கூடாரத்துக்குத் திரும்ப முடியாதவை ஒரு வகை. கன்று ஈனக்கூடிய வயதில் இருந்தவையும் அவற்றுக்கான களிறுகளும் இரண்டாவது வகை. அங்கேயே பிறந்து, பால்குடி மறந்தபின் வித்தை பழகிக் கூடாரத்துக்கு அனுப்பப்படவிருந்த கன்றுகள் மூன்றாவது வகை. முதலாவது வகையை மட்டும் பார்த்தவர் அதை முதியோர் இல்லம் என்றார், மூன்றாவதை மட்டும் பார்த்தவர் பயிற்சிப் பட்டறை என்றார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஓய்வுபெற்ற யானையே கன்று ஈன்றது என்று நீர் விளங்கிக்கொண்டது பெரும்பாலும் சரியன்று. ஏன் என்பது உயிரியலில் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

சர்க்கசுக்கு ஏன் சொந்தமாக ஓர் இனப்பெருக்க நிலையம் தேவைப்பட்டது என்பதற்கான விடை நமது கடற்கரையிலிருந்து தொடங்குகிறது. ஊர்காவற்றுறையைப் போர்த்துக்கேயர் 'யானைகளின் இறங்குதுறை' என்று பொருள்படும் பெயரால் அழைத்தார்கள்; ஆங்கிலத்தில் இன்றும் வழங்கும் 'கயிற்ஸ்' அதன் மிச்சமே. வன்னியில் பிடிபட்டவை ஆனையிறவில் கடலேரியைக் கடந்து குடாநாட்டுக்குள் வந்தன. ஒல்லாந்தர் காலத்தில் மாத்தறைப் பக்கத்தில் பிடித்த யானைகளைக்கூடக் கரையோரமாக நடத்திக்கொண்டு வந்து யாழ்ப்பாணத்தில் இந்திய வணிகருக்கு விற்றார்கள், வன்னிமைகள் எனப்பட்ட வன்னிச் சிற்றரசர்கள் திறையை யானையாகவே செலுத்தினார்கள். இந்தத் தீவின் யானைகளைத் தேடிப் பின்னாளில் ஆள் அனுப்பியவர்களில் ஒருவர்தான் அந்த சர்க்கசின் பெயரில் இருக்கும் பார்னம். 1850இல் 'ரெகாட்டா' என்ற கப்பல் அவருக்காக யானை பிடித்துவர நியூயோர்க்கிலிருந்து இலங்கைக்குப் புறப்பட்டது. மறுவருடம் வந்திறங்கிய பத்து யானைகளைச் சோடி சோடியாகத் தேரில் பூட்டி பிராட்வே வீதியில் ஊர்வலம் விட்டார். அவற்றில் ஒன்றைப் பிறகு தன் பண்ணையில் புகையிரதப் பாதைக்கு அருகே நிறுத்தி, வண்டி போகும் நேரம் பார்த்து ஏர் உழ வைத்தார். வயலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. சன்னல் வழியே பார்க்கும் பயணிகளுக்கான விளம்பரம் அது.

ஆக, நூறு வருடத்துக்கு மேலாக சர்க்கசுகள் யானையைக் கன்று ஈன வைத்துப் பெருக்க நினைக்கவேயில்லை. காட்டிலிருந்து வாங்குவது மலிவாக இருந்தது. அமெரிக்க மண்ணில் ஒரு கன்று உயிரோடு பிறந்ததே 1880 மார்ச் மாதத்தில், பிலடெல்பியாவில், கூப்பர் அண்ட் பெய்லி சர்க்கசின் ஹீபி என்ற பெண் யானைக்குத்தான். அந்தக் கன்றை விலைக்குக் கேட்டு பார்னம் அனுப்பிய தந்தியையே பெய்லி சுவரொட்டியாக அடித்து ஒட்டினார் என்றொரு கதை உண்டு; அடுத்த வருடமே இருவரும் கூட்டுச் சேர்ந்தார்கள். ஒரு கன்றின் விலை என்னவென்று அவர்களுக்கு அன்றே தெரிந்திருந்தது. இருபதாம் நூற்றாண்டின் எழுபதுகளில் அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்து, ஆசிய யானை அதன் மிகக் கடுமையான பட்டியலில் சேர்ந்ததும் காட்டிலிருந்து வாங்கும் வாசல் மூடப்பட்டது. கூடாரத்தில் நின்றவையோ கிழடாகிக்கொண்டு வந்தன. 1995ஆம் ஆண்டு நிலையத்தை அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் அதன் நோக்கம் விளங்கும். பாதுகாப்பு என்ற சொல் பெயர்ப்பலகையில் இருந்தது; அது பாதுகாக்க முனைந்தவற்றுள் யானையும் ஒன்று, யானைக் காட்சி மற்றொன்று.

இனி நீர் கேட்ட உயிரியல். பசுவுக்கு இருபத்தொரு நாளுக்கு ஒரு முறை சினைப்பருவம் வரும்; அரை நாள் தவறினால் அடுத்த மூன்று கிழமை காத்திருந்தால் போதும். யானைக்கு அந்தச் சுழற்சி 14 முதல் 16 கிழமை. வருடத்துக்கு மூன்று அல்லது நான்கு வாய்ப்புகள், ஒவ்வொன்றிலும் ஓரிரு நாட்கள், அவ்வளவுதான். அந்த நாட்களை வெளித்தோற்றத்தால் அறிவது மனிதருக்கு ஏறத்தாழ இயலாத காரியம், களிறு துதிக்கையால் மணந்து அறிந்துகொள்ளும். ஆனால் யானைக்கு மட்டும் இயற்கை ஒரு முன்னறிவிப்பை வைத்திருக்கிறது. முட்டையை வெளிவிடத் தூண்டும் எல்.எச். ஹோர்மோன் மற்ற விலங்குகளில் ஒரு தடவைதான் திடீரென உயரும். யானையில் ஏறத்தாழ மூன்று கிழமை இடைவெளியில் இரு தடவை உயரும். முதல் உயர்வில் முட்டை வெளிவராது, இரண்டாவதில்தான் வரும். நாளாந்தம் காதின் பின்புற நாளத்தில் இரத்தம் எடுத்துச் சோதித்து வந்தால் முதல் உயர்வைப் பிடித்துவிடலாம். பிடித்தபின் மூன்று கிழமைக்குப் பிந்திய அந்த நாளுக்கு எல்லாவற்றையும் ஆயத்தம் செய்யலாம். முதலில் இதை வாசித்தபோது, ஒரு மாட்டு வைத்தியனாக எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஆனால் நாள் தெரிந்தால் மட்டும் போதாது. பெண் யானையின் வெளித்துவாரத்திலிருந்து உள்ளே போகும் கால்வாய் ஒரு மீற்றருக்கும் மேல் நீளமானது, கன்று ஈனாத யானையில் அதன் அந்தத்திலுள்ள வாசல் சில மில்லிமீற்றர்தான். பசுவுக்குச் செய்வதுபோல் கையை விட்டு வழி காட்ட முடியாது. பெர்லின் நகரத்து ஆய்வு நிறுவனமொன்றைச் சேர்ந்த விஞ்ஞானிகள் உள்நோக்கிக் கருவியையும் அல்ட்ராசவுண்டையும் சேர்த்துப் பயன்படுத்தும் முறையை வகுத்தார்கள். அந்த முறையின்படி கருவுற்ற முதல் ஆசிய யானைக் கன்று 1999 நவம்பரில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் பிறந்தது. போல்க் சிற்றியில் செயற்கை முறையில் பிறந்த முதற்கன்று 2009 ஜனவரி 19ஆம் திகதி பிறந்தது. மறுநாள் அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவியேற்கவிருந்தவரின் முதற்பெயரையே அதற்கும் வைத்தார்கள். விளம்பரத்தில் பார்னத்தின் வாரிசுகள் சோடைபோனதில்லை.

சினை தங்கினாலும் ஏறத்தாழ 22 மாதம் காத்திருக்க வேண்டும். ஈன்றபின் அடுத்த கன்றுக்கு நாலைந்து வருடம். இதைவிட முக்கியமானது வயது. முப்பதுக்குள் ஒரு தடவையாவது ஈனாத பெண் யானையின் கருப்பையில் கட்டிகளும் நீர்க்குமிழிகளும் தோன்றிவிடுகின்றன, அதன்பின் சினை பிடிப்பது மிக அரிது. சர்க்கஸ் யானை தன் இளமையைக் கூடாரத்தில் கழித்துவிட்டு நாற்பதிலும் ஐம்பதிலும் ஓய்வு பெறுகிறது. ஆகவே ஓய்வுபெற்ற யானை இனப்பெருக்கத்துக்கு அனேகமாக உதவாது. போல்க் சிற்றியில் ஈன்றவை இளம் யானைகளும், ஏற்கெனவே ஈன்று பழகியவையுமே. இன்னொரு தடையும் உண்டு. காட்டில் ஒரு பெண் யானை தாயாவதற்கு முன்பே சித்திகளும் அக்காக்களும் ஈனுவதைப் பார்த்து, பிறந்த கன்றைத் துதிக்கையால் தூக்கி நிறுத்தப் பழகியிருக்கும். தனியாகச் சங்கிலியில் வளர்ந்த யானைக்குத் தன் வயிற்றிலிருந்து விழுந்த ஈரமான அந்தப் பொருள் என்னவென்றே தெரியாது; மிரண்டு உதைத்தும் விடும். இதனாலேயே ஈனும் இரவில் பாகர்கள் காலைக் கட்டிவைத்து, கன்றை உடனே இழுத்து விலக்கி, தாய் அமைதியடைந்தபின் திரும்பக் கொண்டுபோய் விடுவார்கள்.

இத்தனைக்கும் நடுவே போல்க் சிற்றியில் இருபதுக்கு மேற்பட்ட கன்றுகள் பிறந்தன. தொழில்நுட்பத்தை மட்டும் பார்த்தால் அது பெரிய சாதனை, அதைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. கன்றுகளைக் கொல்லும் ஹேர்பிஸ் வைரஸ் பற்றிய ஆய்வுக்கும் அங்கிருந்து உதவி கிடைத்தது. ஒன்று முதல் எட்டு வயதுக்குட்பட்ட கன்று காலையில் நன்றாக நின்று, இரண்டொரு நாளில் உள்ளே இரத்தம் கசிந்து இறந்துபோகும் கொடிய நோய் அது. யானைக்குப் புற்றுநோய் ஏன் அரிதாக வருகிறது என்ற புதிருக்கும் அந்த யானைகளின் இரத்தம் பயன்பட்டது. உடற்கலம் பழுதானால் அதை அழித்துவிடும் பி53 மரபணு மனிதருக்கு ஒரு சோடி இருக்க, யானைக்கு இருபது சோடி இருக்கிறதென்று யூட்டா பல்கலைக்கழகத்தார் பங்குகொண்ட ஆய்வு 2015இல் வெளிவந்தது. வழமையான உடற்பரிசோதனைக்காக எடுத்த இரத்தமே ஆய்வுக்கும் போயிற்று. அதற்காகத் தனியாக எந்த யானையையும் வருத்தவில்லை.

ஆயினும் கன்று பிறந்தபின் எங்கே போயிற்று என்று கேட்டால் கதை மாறுகிறது. காட்டுக்குப் போகவில்லை, போகவும் முடியாது. புளோரிடாவில் ஆசிய யானைக்குக் காடு ஏது? கூடாரத்துக்குப் போயிற்று. அங்கே கன்றுகளைக் கயிற்றால் கட்டிப் படுக்கவும் இருக்கவும் பழக்கும் படங்களை முன்னாள் பயிற்றுநர் ஒருவர் வெளிக்கொண்டுவர, 2009இல் அவை பத்திரிகையில் வந்தன. நிறுவனம் படங்களை மறுக்கவில்லை, அவற்றுக்குக் கொடுக்கப்பட்ட விளக்கத்தையே மறுத்தது. 2011இல் விலங்கு நலச் சட்டத்தின் கீழ் எழுந்த முறைப்பாடுகளைத் தீர்த்துக்கொள்ள, தவறை ஒப்புக்கொள்ளாமலே 270,000 டொலர் தண்டம் கட்டியது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே நிறுவனத்தின்மீது நீண்டகாலம் வழக்காடிய விலங்கு நல அமைப்புகள், தங்கள் முக்கிய சாட்சிக்குப் பணம் கொடுத்திருந்தது வெளிப்பட்டதால், 2012இலும் 2014இலும் சேர்த்து 2.5 கோடி டொலருக்கு மேல் அதற்குச் செலுத்த நேர்ந்தது. நீதிமன்றத்தில் சர்க்கஸ் தோற்கவில்லை. நகரசபைகளில்தான் தோற்றது. லொஸ் ஏஞ்சல்ஸ் முதலான நகரங்கள் அங்குசத்தைத் தடை செய்தன. அங்குசம் இல்லாமல் அந்தக் காட்சியை நடத்த முடியாது. 2016 மே மாதம் முதலாம் திகதி யானைகள் கடைசித் தடவையாக ஆடின, மறுவருடம் சர்க்கசே மூடப்பட்டது. 2023இல் அது மீண்டும் திறந்தபோது விலங்கு ஒன்றுமே இல்லை.

சங்கிலி, ஆட்டம் என்றெல்லாம் எழுதும்போது எனக்கு யாழ்ப்பாணத்து முற்றவெளி மைதானந்தான் கண்முன் வருகிறது. நான் சிறுவனாக இருந்த காலத்தில் அங்கே ஒரு சர்க்கஸ் கூடாரமடித்தது. காட்சிக்கு ரிக்கற் எடுக்கக் காசில்லாத நாங்கள் பகலில் பின்பக்கம் போய் யானையைப் பார்ப்போம். முன்னங்கால் ஒன்றும் பின்னங்கால் ஒன்றும் கட்டையில் பிணைக்கப்பட்டு நின்ற அது, தலையை இடம் வலமாக ஆட்டிக்கொண்டே நின்றது. எடை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாறும்போது சங்கிலி ஒரு தடவை கிலுங்கும். நாங்கள் எண்ணினோம், நூறைத் தாண்டியும் நிற்கவில்லை. 'ஆனை பாட்டுக்கு ஆடுது' என்று பெரியவர் ஒருவர் சொன்னார். பாட்டு ஒன்றும் போடப்பட்டிருக்கவில்லை. கட்டுண்ட விலங்கு ஒரே அசைவைப் பயனின்றித் திரும்பத் திரும்பச் செய்வது நோய்க்குறி என்பதைப் பல வருடம் கழித்துப் பேராதனையில்தான் படித்தேன். காலில் சங்கிலி உரசிய இடத்தில் மயிரில்லாமல் வழுவழுவென்று சாம்பல் நிற வளையம் ஒன்று இருந்தது, அதை எங்களில் ஒருவன் 'ஆனைக்குக் காப்பு' என்றான்.

அந்த வளையத்தோடு வருகிற யானைக்கு ஓய்விடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் சரணாலயத்தின் உண்மையான வேலை இருக்கிறது. கொங்கிரீற் தரையில் பல்லாண்டு நின்ற யானையின் முதல் எதிரி பாதமே. நகம் வெடித்து, அடித்தோலுக்குள் சீழ் வைத்து, அது எலும்புக்குப் போனால் ஆளே இல்லை. எனவே மணல் தரையும் தினசரி நீரில் கால் ஊறவைத்தலும் அரத்தால் நகம் ராவுதலும் முடிவில்லாமல் நடக்க வேண்டும். நல்ல இடங்களில் இதைத் தடுப்புக்கு வெளியே நின்றே செய்கிறார்கள். இரும்புக் கம்பிகளிடையே ஒரு சிறு சாளரம் இருக்கும். நுனியில் பந்து கட்டிய நீண்ட கோலை அதனருகே பிடித்தால் யானை வந்து பந்தைக் காலால் தொடும், தொட்டால் ஒரு துண்டுப் பழம். அடுத்த நாள் காலைச் சாளரத்தின் குறுக்குச் சட்டத்தில் வைக்கும், பாகர் வெளியே முக்காலியில் இருந்து நகத்தை ராவுவார். வராமல் திரும்பிப் போனால் அன்றைக்கு விட்டுவிடுவார்கள், அடி கிடையாது. மனிதரிடமிருந்து யானைக்குத் தொற்றும் காசநோயைச் சோதிப்பதும் இப்படியே. துதிக்கைக்குள் கொஞ்சம் உப்புநீரை விட்டு, உயர்த்தச் சொல்லி, பின்பு ஒரு பொலித்தீன் பையைப் பிடித்து அதற்குள் ஊதச் சொல்வார்கள். பையில் விழுந்ததை வளர்ப்பில் இட்டுப் பல கிழமை பார்க்க வேண்டும். 'திரும்பிப் போகும் உரிமை யானைக்கு உண்டா?' என்பதை எந்த நிலையத்திலும் நான் முதலில் கேட்பேன்.

போல்க் சிற்றி திறந்த 1995இலேயே, அதே அமெரிக்காவில், டெனசி மாநிலத்தின் ஹோஹன்வால்ட் என்ற ஊரில் இன்னொரு யானைச் சரணாலயம் தொடங்கியது. அதே 1995இல் இலங்கை வனஜீவராசிகள் திணைக்களம் உடவளவையில் யானைக்கன்றுகளுக்கான இடைத்தங்கல் இல்லத்தைத் திறந்தது. (1995 என்றால் குடாநாட்டாருக்குப் போரால் இடம்பெயர்ந்த வேறு இடைத்தங்கலும் வேறு நடையும்தான் நினைவுக்கு வரும், அந்த வருடத்தில் யானைக்கு வீடு கட்டினார்களா என்று என் மனைவி கேட்டார், கட்டினார்கள்.) மூன்று இடங்களும் மூன்று விதமாகச் சிந்தித்தன.

டெனசிக்காரர் இனப்பெருக்கம் செய்வதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவெடுத்தார்கள். பார்வையாளரையும் உள்ளே விடுவதில்லை. கமெராவில் தூரத்திலிருந்து பார்க்கலாம். நிலம் 2,700 ஏக்கருக்கு மேல். அவர்களுடைய நியாயம் நேரானது: பிறக்கும் கன்று ஐம்பது அறுபது வருடம் வேலிக்குள்ளேயே வாழ வேண்டியதாக இருந்தால், அதைப் பிறப்பிப்பது யாருடைய தேவைக்கு? அங்கே 1999இல் ஷேர்லி என்ற முதிய யானையைக் கொண்டுவந்தபோது, ஏற்கெனவே நின்ற ஜெனி என்ற யானை இரவிரவாகக் கம்பிகளைத் தள்ளி வளைத்து அதனிடம் போக முயன்றது. விசாரித்தபோதுதான், ஜெனி கன்றாக இருந்த காலத்தில் இரண்டும் ஒரே சர்க்கசில் நின்றவை என்று தெரிந்தது. இருபது வருடத்துக்கு மேல் இரண்டும் பிரிந்திருந்தன. கன்று ஈனாமலே இரண்டும் தாயும் மகளும்போல் ஆகிவிட்டன. ஜெனி 2006இல் இறந்தது, ஷேர்லி 2021 வரை இருந்தது. ஓய்வுபெற்ற யானைக்குக் கூட்டம் தேவை என்பதில் ஐயமில்லை. கூட்டத்தைக் கன்றால் மட்டுமே கட்ட வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன காட்ட?

போல்க் சிற்றி யானைகளுக்கும் கடைசியில் நல்ல முடிவே கிடைத்தது. ஃபெல்ட் நிறுவனத்தின் கணக்கில் ஒரு யானைக்கு வருடச் செலவு 65,000 டொலர்; காட்சி நின்றபின் அந்தக் காசு எங்கிருந்து வரும்? 2020இல் அவற்றை அதே மாநிலத்தின் வடக்கிலுள்ள வைற் ஓக் என்ற தனியார் வனவிலங்குக் காப்பகம் வாங்கியது. 17,000 ஏக்கர் காப்பகத்தில் 2,500 ஏக்கரை யானைக்கென்று ஒதுக்கி, நீர்நிலைகள் வெட்டி, 2021 வசந்தத்தில் முதற் பன்னிரண்டு பெண் யானைகளைக் கொண்டுபோனார்கள். எட்டு வயதிலிருந்து முப்பத்தெட்டு வயது வரை, உடன்பிறந்தவைகளும் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவைகளும் அதில் இருந்தன. அந்த எட்டு வயதுக்காரி போன்றவற்றை எண்ணிப் பாரும். கூடாரத்துக்காகப் பிறப்பிக்கப்பட்டு, கூடாரம் மூடியபின் 'ஓய்வு பெற்ற' யானை. வேலையே பாராமல் ஓய்வூதியம் எடுப்பது போன்றது. டென்மார்க் அரசு 2019இல் நாட்டின் கடைசி நான்கு சர்க்கஸ் யானைகளை 1.1 கோடி குரோனர் கொடுத்து வாங்கி விடுவித்தது. அங்கே வந்தது நான்குதான். இனப்பெருக்கம் நடந்திருந்தால் எத்தனையை வாங்கியிருக்க வேண்டுமோ.

இப்போது நமது நாட்டுக்கு வருவோம். சர்க்கஸ் யானை என்று இங்கே அதிகம் இல்லை. ஆனால் பல பத்தாண்டுகளாகத் தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் மாலைதோறும் யானைக் காட்சி நடந்தது, விகாரைகளின் பெரஹெரா ஊர்வலமும் கோயில் ஊர்வலமும் இருக்கின்றன. பின்னவலை 1975இல் அநாதைக் கன்றுகளின் இல்லமாகத் தொடங்கி, 1982இல் இனப்பெருக்கத் திட்டத்தை மேற்கொண்டு, 1984இல் விஜய, குமாரி என்ற சோடிக்கு முதற்கன்றைக் கண்டது. 2021 ஓகஸ்டில் சுரங்கி என்ற யானை அங்கே இரட்டைக் கன்றுகளை ஈன்றது, இலங்கையில் எண்பது வருடத்துக்குப்பின் பிறந்த முதல் இரட்டை. நான் அங்கே போனபோது என் கண் இரட்டைக் கன்றுகளில் நிற்கவில்லை. போர்க்காலத்தில் மிதிவெடியில் முன்னங்கால் ஒன்றை இழந்து, மூன்று காலில் ஆற்றுக்குப் போய்வரும் சமா என்ற யானையிலேயே நின்றது. ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்ததால் அதன் முதுகெலும்பே வளைந்துவிட்டிருந்தது. பின்னவலையில் பிறந்தவற்றுள் சில விகாரைகளுக்கும் வெளிநாட்டுக்கும் அன்பளிப்பாகப் போயின. நியூசிலாந்துக்கு வாக்களிக்கப்பட்ட நந்தி என்ற இளம் யானைக்காக 2017இல் நீதிமன்றம் வரை போனார்கள். தாய்லாந்து 2001இல் நமக்கு அன்பளித்த முத்துராஜாவை, இங்கே ஒழுங்காகப் பராமரிக்கப்படவில்லை என்ற முறைப்பாட்டின்மேல், 2023 ஜூலையில் அந்த நாடே விமானத்தில் ஏற்றித் திரும்ப எடுத்துக்கொண்டது. கன்று எங்கே போகும் என்ற கேள்வியை முன்கூட்டியே கேளாத இனப்பெருக்கம் அன்பளிப்புக் கிட்டங்கியாகிவிடும். நான் பின்னவலையை வெறுப்பவனல்லன். அங்கு வேலை செய்யும் என் தொழில்முறைத் தோழர் சிலரின் கைத்திறனை மதிக்கிறேன். ஆனால் அந்த வழியை வடக்குக்கும் கொண்டுவர வேண்டும் என்று சொல்ல மாட்டேன்.

ஏனென்றால், வன்னியில் யானைக்குக் குறை கன்று பிறவாமை அன்று. 2011 கணக்கெடுப்பில் நாட்டில் 5,879 காட்டு யானைகள் இருந்தன. 2019 முதல் வருடாவருடம் முந்நூறுக்கு மேற்பட்ட யானைகள் செத்துக்கொண்டிருக்கின்றன, நூறுக்கு மேற்பட்ட மனிதரும் யானையால் இறக்கிறார்கள். துவக்குச் சூடு, சட்டவிரோத மின்கம்பி, பழத்துக்குள் மறைத்து வைக்கும் வெடி, புகையிரதம். யானை உலவும் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மனிதரும் குடியிருக்கும் நிலம். உமது ஊரில் யானை வேலிக்காகக் கூட்டம் கூடாத வருடம் உண்டா? கன்று இருக்கிறது, அது நிற்க இடந்தான் இல்லை.

சரி, இனப்பெருக்கத்தை விட்டுவிட்டு, கட்டையிலிருந்து அவிழ்த்த யானைகளுக்கான ஓய்விடத்தை மட்டும் வன்னியில் அமைத்தால் என்ன? அதை நான் எதிர்க்கவில்லை, கணக்கை மட்டும் பாரும். ஒரு யானை நாளொன்றுக்கு 150 கிலோ தீனி என்றால் முப்பது யானைக்கு நான்கரைத் தொன். வெட்டி, ஏற்றி, இறக்கி, மிஞ்சியதை அள்ளி. பனையோலையும் பலாக்குழையும் கித்துளும் யானைக்கு விருப்பந்தான், ஆனால் ஒரு வருடம் அப்படி வெட்டினால் வடலி மிஞ்சாது. புல் விதைத்து நீர் பாய்ச்ச வேண்டும். குடிக்க மட்டுமே யானைக்கு நூறு லீற்றருக்கு மேல், குளிப்பு வேறு. 2021 ஓகஸ்டில் வந்த வர்த்தமானி வளர்ப்பு யானையை நாளுக்கு இரண்டரை மணி நேரம் குளிப்பாட்ட வேண்டும் என்றது, பாகர் மது அருந்தியிருக்கக் கூடாது என்றும் சொன்னது. ஓகஸ்டில் வன்னிக் குளங்கள் எப்படி இருக்கும் என்று நான் உமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அத்தோடு வேலிக்கு வெளியே காட்டு யானை. மதம் கொண்ட களிறு, உள்ளே நிற்கும் பெண் யானையின் மணத்துக்கு வேலியை முறித்து வரும், தீனிக்கும் வரும். பக்கத்து வயற்காரர் பாடு என்னாவது? இதையெல்லாம் விட மலிவானது, அடிபட்ட காட்டு யானையிடம் அன்றே போய்ச் சேரக்கூடிய ஒரு வைத்தியக் குழுவும் ஒரு வண்டியும், தாயை இழந்த கன்றை உடவளவைக்கு உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடும். வடக்கில் முதலில் தேவை அதுதான் என்பது என் எண்ணம்.

பின்னவலைக்குச் சுற்றுலாப் போக உமது வகுப்பார் யோசிப்பதாகக் கடைசி வரியில் எழுதியிருந்தீர். முடியுமானால் உடவளவைக்கும் போங்கள். அங்கே தொடவோ பால் கொடுக்கவோ விடமாட்டார்கள். தடுப்புக்குப் பின்னால் மேடையில் இருந்து பார்க்கலாம், அவ்வளவே. சில மணி நேரத்துக்கு ஒரு முறை வாயிலைத் திறப்பார்கள். கன்றுகள் சிறு சிறு கூட்டமாக ஓடி வந்து, புனலில் மாட்டிய குழாயை வாயில் வாங்கிக்கொண்டு, அளந்த பாலைச் சில நொடியில் உறிஞ்சி முடிக்கும். இன்னும் வேண்டும் என்று காலைச் சுற்றுவதைக் காவலர் கொஞ்சுவதில்லை, பெயர் சொல்லிக் கூட்டத்துக்குக் காட்டுவதுமில்லை; பக்கத்தில் கிடக்கும் குழைப் பக்கம் திருப்பி விட்டுவிட்டு அடுத்த கூட்டத்துக்கு வாயிலைத் திறப்பார்கள். ஐந்து வயதளவில் அவற்றைக் கூட்டமாகவே லொறியில் ஏற்றித் தேசியப் பூங்காவுக்குள் இறக்கிவிடுகிறார்கள். 1998 முதல் இப்படி நூறுக்கு மேற்பட்டவை காட்டுக்குப் போயிருக்கின்றன. சிலவற்றின் கழுத்தில் இருப்பிடத்தை அறிவிக்கும் வானொலிப் பட்டி இருக்கும். விடப்பட்ட பெண் யானைகளில் சில, பின்னர் காட்டில் தாமாகவே கன்று ஈன்று, அந்தக் கன்றோடு சாலையைக் கடக்கும்போது பார்த்திருக்கிறார்கள்.